சேர்வராயன் மலை மண் ஆய்வு: பழைய பேப்பரின் மூலத் தரவு இல்லாமல் ஒப்பிடுவது எப்படி?

மலைமண் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. சேர்வராயன் மலைமேல் இருக்கிற ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில் இருக்கிற மண்ணையும், பலா, அத்தி மாதிரி நாட்டு மர நிழலில் இருக்கிற மண்ணையும் எடுத்து, எதில் அங்ககக் கரிமம் (மக்கிய தழை, வேர் மாதிரி உயிர்ப்பொருளிலிருந்து மண்ணில் சேரும் கரிமம்) கூடுதல் என்று பார்க்கிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கத்துத் தோட்டங்களில் மாதிரி எடுத்து முடித்தாயிற்று.

சிக்கல் இதுதான். இதே மலையில் பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு ஆய்வு பேப்பராக வந்திருக்கிறது. அதிலுள்ள சராசரியை வைத்துப் பார்த்தால் என் எண்கள் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. மண் நிஜமாகவே மெலிந்துவிட்டதா, இல்லை கணக்குப் போட்ட விதம் வேறா என்று சொல்ல முடியவில்லை. 'வாக்லி-பிளாக் முறைப்படி அளக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. அட்டவணையில் சராசரி, திட்ட விலக்கம். அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் 'கோரினால் தரவு வழங்கப்படும்' என்று போட்டிருக்கிறார்கள். அந்த மின்னஞ்சல் முகவரி இப்போது உயிரோடு இல்லை, அனுப்பியது திரும்பி வந்துவிட்டது.

'ஏற்காட்டு மண்ணில் கரிமம் குறைந்துவிட்டது' என்று எழுதினால் பேப்பர் சீக்கிரம் ஏறிவிடும் என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதைப் படித்துவிட்டு ஒரு தோட்டக்காரர் மரத்தை மாற்ற இறங்கினால் யார் பொறுப்பு? பழைய எண்ணை எப்படிப் பயன்படுத்துவது, என் தரவை வெளியிடும்போது எதையெல்லாம் வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பியூரெட் வாத்தியார்

அம்மா, 'கால் பங்கு குறைவு' என்று படித்ததுமே எனக்கு ஞாபகம் வந்த எண் 1.3.

வாக்லியும் பிளாக்கும் 1934-இல் எழுதிய முறை இது. மண்ணின் கரிமத்தோடு வினைபுரிகிற டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கலக்கும்போது வருகிற சூடு மட்டும்தான், வெளியிலிருந்து சூடு கொடுப்பதில்லை. அதனால் மண்ணில் இருக்கிற கரிமம் முழுக்க வினைபுரியாது, சராசரியாக 77 சதவீதம்தான் புரியும் என்று அப்போதே கண்டுகொண்டார்கள். மீதியைச் சரிக்கட்ட விடையை 1.3-ஆல் பெருக்குவது வழக்கம். ஆனால் சில லேபில் பெருக்குவார்கள், சில லேபில் மாட்டார்கள். இரண்டு தரப்பும் பேப்பரில் 'வாக்லி-பிளாக்' என்றுதான் எழுதும்.

ஒரு குடுவையை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 0.5 கிராம் மண், 10 மி.லி. 1 நார்மல் (நார்மல் என்பது கரைசலின் வலிமை அளவு) பொட்டாசியம் டைகுரோமேட், 20 மி.லி. அடர் கந்தக அமிலம். அரை மணி நேரம் விட்டு, தண்ணீர், பாஸ்பாரிக் அமிலம், டைஃபீனைலமீன் சேர்த்து, மிஞ்சிய டைகுரோமேட்டை அளக்க 0.5 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டை பியூரெட்டிலிருந்து (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) சொட்டுச் சொட்டாக விடுகிறோம். கருநீலம் போய்ப் பச்சை திரும்புகிற இடத்தில் நிறுத்துகிறோம். மண் போடாத பிளாங்க் 20 மி.லி., உங்கள் மண் 8 மி.லி. என்று வையுங்கள். கரிமம் 3.6 சதவீதம். 1.3-ஆல் பெருக்கினால் 4.68. அதை 1.724-ஆல் (கரிமத்தை அங்ககப் பொருளாக மாற்ற வழக்கமாகப் போடுகிற எண்) பெருக்கி அங்ககப் பொருள் என்று எழுதினால் 8.07. ஒரே குடுவை, ஒரே ரீடிங், மூன்று விடை. 4.68-க்கும் 3.6-க்கும் உள்ள இடைவெளி 23 சதவீதம். நீங்கள் சொல்லும் 'கால் பங்கு' அதற்கு வெகு பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று. சமவெளி மண்ணுக்குப் போடுகிற பழக்கத்தில் 1 கிராம் போட்டால், இதே அளவு டைகுரோமேட்டில் 3 சதவீதத்துக்கு மேல் கணக்கே வராது. டைகுரோமேட் தீர்ந்துபோயிருக்கும். தழை மக்கிக் கறுத்த மலை மேல்மண்ணில் இது சாதாரணமாக நடக்கும். சராசரியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பியூரெட் ரீடிங்கைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும்.

ஆகவே எதை வெளியிடுவது என்ற கேள்விக்கு என் பதில்: சதவீதத்தை அல்ல, ரீடிங்கை. பிளாங்க் ரீடிங், மாதிரி ரீடிங், மண் எடை, கரைசலின் நார்மாலிட்டி, தேதி. சதவீதத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் 1.3 பெருக்கினீர்களா?

மலைமண்

பெருக்கவில்லை ஐயா. எங்கள் லேப் கையேட்டில் அந்தப் பெருக்கல் கிடையாது. பழைய பேப்பர்காரர்கள் பெருக்கினார்களா என்று அறிய வழியில்லை. 0.5 கிராம்தான் போட்டேன், ரீடிங் நோட்டு பத்திரமாக இருக்கிறது.

அஸ்தம்பட்டி

ஆழமும் முக்கியம் சகோதரி. 0-15 செ.மீ. எடுத்தார்களா, 0-30 எடுத்தார்களா? கீழே போகப் போகக் கரிமம் குறையும். அது பேப்பரில் இருக்கிறதா?

மலைமண்

'மேல்மண்' என்று மட்டும் இருக்கிறது.

எண்ணும் எழுத்தும்

புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவன். 'கோரினால் வழங்கப்படும்' என்ற வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-இல் வந்த ஒரு ஆய்வில், இப்படி எழுதியிருந்த 1,792 பேப்பர்களின் ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டுத் தரவு கேட்டார்கள். கொடுத்தவர்கள் 122 பேர். நூற்றுக்கு ஏழு கூடத் தேறவில்லை. 2014-இல் 516 பேப்பர்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், பேப்பருக்கு ஒவ்வொரு வயது கூடும்போதும் தரவு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் சரிவது தெரிந்தது. யாரும் மறைத்து வைக்க வேண்டியதில்லை. முகவரி மாறும், கணினி பழுதாகும், மாணவர் வேலைக்குப் போய்விடுவார். மலைமண் சகோதரிக்கு நடந்திருப்பது இதுதான், அந்தப் பழைய ஆய்வாளர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

கேட்டுக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்றார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டிச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார், வரவில்லை. எழுதிக் கேட்டார். அவர்களும் எக்ஸல் ஷீட்டை அனுப்பி வைத்தார்கள். திறந்து பார்த்தால் சராசரி எடுக்கும் வரிசையில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. இதையும் மற்றச் சில தேர்வுகளையும் சரிசெய்து 2013-இல் அவர் தன் ஆசிரியர்கள் இருவரோடு வெளியிட்டபோது, அந்த வகை நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1-லிருந்து 2.2 சதவீதமாக மாறியது.

நேர்மாறாக, 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில், கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்துச் சோதனையையே சில நாள் நிறுத்தி வைத்தது. மூலத் தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது காட்டவில்லை. ஜூன் 4-ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவு கண்ணில் பட்டிருந்தால் அது அச்சாகியே இருக்காது என்று நினைக்கிறேன்.

மண் ஆய்வுக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

கொண்டலாம்பட்டி ஸ்காலர்

எல்லாம் சரிங்க சார். ஆனா எங்களை மாதிரி சின்னக் கல்லூரியில இருக்கிறவங்க நிலைமையையும் பாருங்க. ஒரு டேட்டா செட் சேர்க்க எங்களுக்கு வருஷக்கணக்காகுது, பஸ் காசு கூட கைக்காசு. அதை அப்படியே இணையத்துல ஏத்திட்டா, பெரிய லேப்ல உட்கார்ந்திருக்கிறவர் ஒரே வாரத்துல நாலு பேப்பர் போட்டுருவார். எங்களுக்கு இன்னும் வைவா முடிஞ்சிருக்காது. கைடு ஒத்துக்குவாரா? திறந்து வைக்கிறது நல்ல பண்புதான், விலை மட்டும் எப்பவும் கீழே இருக்கிறவன் தலையில விழுது.

நூலகப்படி

நீங்கள் சொல்வது நியாயமான பயம் தம்பி, அதைத் தள்ளிவிட்டு யாரும் பேசக் கூடாது. கல்லூரி நூலகத்தில் இருப்பவள் என்பதால் நடைமுறையைச் சொல்கிறேன்.

ஜெனோடோ என்று ஒரு தரவுக் களஞ்சியம் இருக்கிறது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013-இலிருந்து நடத்துகிறது, காசு கிடையாது. ஏற்றியதும் நிலையான அடையாள எண்ணும் தேதியும் விழுந்துவிடும். 'இந்தத் தேதி வரை திறக்காதே' என்று பூட்டும் போடலாம். விவரம் எல்லோருக்கும் தெரியும், கோப்பு மட்டும் நீங்கள் சொன்ன நாளில் திறக்கும். உங்கள் பேப்பர் வந்த பிறகு திறக்கட்டும். அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்ற உரிமத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இன்றைக்கு உங்கள் தரவு உங்கள் பென் டிரைவில் மட்டும் இருந்தால், 'இது நான் சேர்த்தது' என்பதற்கு உங்களிடம் தேதி போட்ட சான்று எதுவும் இல்லை.

ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. ஆனால் அதில் அட்டவணை பி.டி.எஃப் படமாக உறைந்து கிடக்கும். எண்ணை எடுத்துக் கணக்குப் போட முடியாது. 2025-லிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்விநிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்கள் கிடைக்கின்றன, சந்தோஷம். இதழைப் படிப்பது ஒன்று, அதன் அடியில் இருக்கிற தரவைத் தொடுவது வேறொன்று.

கோப்பு வடிவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய களக் குறிப்புகள் நிறைய எங்களிடம் வருகின்றன, வானவில், பாமினி எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று கொட்டிக் கிடக்கும். ஊர்ப் பெயரும் மரப் பெயரும் அதில்தான் இருக்கும். யூனிகோடில் அடியுங்கள். எண்களை எக்ஸலோடு விட்டுவிடாமல் சாதாரண சி.எஸ்.வி கோப்பாகவும் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வையுங்கள். எக்ஸல் தானாகவே தேதியாக மாற்றிவிடும் வழக்கத்தால் மரபணுப் பெயர்கள் கெட்டு, மார்ச்1, செப்ட்2 என்பவை தேதிகளாகிப்போய், கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். உங்கள் மாதிரி எண் '3-4' என்றிருந்தால் அதுவும் ஏப்ரல் 3 ஆகிவிடும்.

ஏற்காட்டுக் காப்பிக்காரன்

நானும் ஒரு சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன். மண் எடுக்க வருகிறவர்களை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் தோட்டப் பேரோடு, இடத்தோடு, 'இந்த மண் மெலிவு' என்று இணையத்தில் நிற்குமானால் நாளைக்கு நிலம் விற்கப் போகும்போது அதைக் காட்டி விலையைக் குறைப்பான். என் அனுமதி மண் எடுக்க. உலகத்துக்குக் காட்ட இல்லை. இதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள் தங்கச்சி.

இடத்தைப் பற்றி இன்னொரு சங்கதி. போன வருஷம் ஒரு கட்டுரையில் எங்கள் மலைத் தோட்டம் 11.46 வடக்கு, 78.12 கிழக்கு என்று இருந்தது. கூகுள் மேப்பில் போட்டால் ராசிபுரம் பக்கம் காட்டுகிறது! ஏற்காடு 11 பாகை 46 நிமிஷம். அதை யாரோ 11 புள்ளி 46 என்று அடித்திருக்கிறார்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, மலையை விட்டே இறங்கிப் போய்விட்டது. அந்த இடத்து மழையை எடுத்து இந்த மண்ணுக்குப் பொருத்தினால் என்ன கணக்கு வரும்?

பியூரெட் வாத்தியார்

ரொம்ப முக்கியமான கண்டுபிடிப்பு ஐயா. மூல ஜி.பி.எஸ் கோப்பு கூட இருந்தால் யாரும் திருத்திவிடலாம். தோட்டப் பெயருக்குப் பதில் குறியீடு வைத்து, உயரம், சரிவு, மழை வகை, நிழல் மரம் இவற்றை மட்டும் கொடுத்தால் மண் ஆய்வுக்குப் போதும். துல்லியமான இடம் கேட்கிறவருக்கு, உங்கள் சம்மதத்தோடு கொடுக்கலாம்.

செம்மடுவு ஆர்க்கிட்

இடம் மறைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். செடி விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. ஆர்க்கிட் எந்த மரத்தில் இருக்கிறது என்று நாலு தசம இலக்கத்தோடு போட்டால், அது சுமார் பத்து மீட்டர் துல்லியம். ஆய்வாளருக்கு முன்னால் பறித்து விற்கிறவன் வந்துவிடுவான். உலகப் பல்லுயிர்த் தகவல் வசதியான ஜிபிஃபில் இதற்கு வழிகாட்டுதலே இருக்கிறது: அரிய இனத்தின் இடத்தை 0.1 பாகை போல மழுங்கடித்துப் போடலாம். ஆனால் மழுங்கடித்திருக்கிறோம், இவ்வளவு மழுங்கடித்திருக்கிறோம் என்று கோப்பிலேயே எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் அடுத்தவர் 11 கிலோமீட்டர் சதுரத்தின் மூலையைச் செடி இருக்கும் இடம் என்று நம்பிக் கணக்குப் போடுவார். ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள், இந்த மலையில் என்னென்ன காக்க வேண்டியிருக்கிறது என்று புரியும்.

மலையாளி வீட்டுப் பையன்

நான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடி. ரெண்டு வரி சொல்லணும்.

எங்க ஊர்ப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து மூலிகை எழுதிட்டுப் போனவங்க நிறைய பேர். எந்தப் பச்சிலை, எந்த நோய்க்கு, எவ்வளவுன்னு அட்டவணையா பேப்பர்ல வந்திருக்கு. எங்க பாட்டி பேர் அதுல இல்லை, 'தகவலாளி' அப்படின்னு ஒரு எண் இருக்கு. அதைத் தமிழ்ல யாரும் வந்து படிச்சுக் காட்டவும் இல்லை. இப்ப அதையும் 'திறந்த தரவு'ன்னு எல்லாருக்கும் கொடுத்துட்டா, கொடுத்தவங்களுக்கு என்ன வந்துச்சு?

பழங்குடித் தரவுக்குன்னு 2019-ல கேர் கோட்பாடுகள்னு ஒண்ணு வந்திருக்கு: கூட்டுப் பலன், கட்டுப்படுத்துற அதிகாரம், பொறுப்பு, அறம். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சியில பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கணும். அறிவியலுக்கு நாங்க எதிரி இல்லை. மண் ரீடிங்கைத் திறந்து வைங்க, அதுல யாருக்கும் நஷ்டம் இல்லை. பாட்டியோட அறிவைத் திறக்கிறதுக்கு முன்னால ஊர்க் கூட்டத்துல கேளுங்க.

எண்ணும் எழுத்தும்

தம்பி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். 'எல்லாவற்றையும் திற' என்று நான் முன்பு வகுப்பில் சொல்கிற வாக்கியத்தோடு இதையும் சேர்த்துத்தான் இனிச் சொல்ல வேண்டும். மனிதரிடமிருந்து வந்த தரவும் பியூரெட்டிலிருந்து வந்த தரவும் ஒரே பெட்டியில் போகக் கூடாது.

ஆத்தூர் மரவள்ளி

வெவசாயி பேசுறேன். எங்க பக்கம் மரவள்ளிக் கிழங்கு மில்லுல 'பாயிண்ட்' (கிழங்குல இருக்கிற மாவு அளவு) வச்சுத்தான் விலை. ஒரு மில்லுல ஒரு பாயிண்ட் சொல்றாங்க, அதே லோடை அடுத்த மில்லுக்குக் கொண்டுபோனா வேற சொல்றாங்க. எப்படி அளந்தீங்கன்னு கேட்டா பதில் வராது. அதனால நீங்க பேசுறது எனக்கு நல்லாவே புரியுது.

எங்க காட்டுல வந்து தேமல் நோய்க்கு இலை பறிச்சுட்டுப் போறாங்க, மாவுப்பூச்சிக்குக் கணக்கெடுக்குறாங்க. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல 2022-ல அந்த மாவுப்பூச்சியைக் கொல்ற குளவியை விட்டாங்க, அது நல்ல வேலை, நேர்ல போய்ப் பார்த்தேன். ஆனா என் காட்டுல எடுத்த கணக்கு எனக்குத் திரும்பி வர்றது அபூர்வம். எந்த ரகத்துல தேமல் எத்தனை செடின்னு ஒரு துண்டுச் சீட்டுல கொடுத்தாக்கூட அடுத்த வருஷம் விதைக்குச்சி எங்க வாங்கலாம்னு முடிவு பண்ணுவேன். உலகத்துக்குக் கொடுங்க, வேண்டாங்கல. காட்டுக்காரனுக்கு மொதல்ல கொடுங்க.

கொண்டலாம்பட்டி ஸ்காலர்

அண்ணா சொன்னது மனசுல தச்சிடுச்சு. பூட்டுப் போட்டு ஏத்துற விஷயம் எனக்குத் தெரியாது. நூலகப்படி மேடம், திங்கக்கிழமை வந்தா காட்டுவீங்களா? கைடுகிட்ட எப்படிக் கேக்குறதுன்னும் சொல்லிக் கொடுங்க.

நூலகப்படி

வாங்க தம்பி. 'பல இதழ்கள் தரவைக் கட்டாயமாகவே கேட்கின்றன' என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கைடு கேட்பார்.

மலைமண்

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். கரிமம் குறைந்தது என்று எழுதப் போவதில்லை. என் ரீடிங்குகளை 1.3 பெருக்காமலும் பெருக்கியும் இரண்டு விதமாகப் போட்டு, பழைய எண்ணைப் பக்கத்தில் வைத்து, 'பெருக்கினால் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது, ஆழமும் பெருக்கலும் தெரியாததால் மாற்றம் பற்றி எதுவும் சொல்ல இயலாது' என்றே எழுதுகிறேன். என் பங்குக்கு சில்வர் ஓக், நாட்டு மரம் ஒப்பீடு உறுதியாக நிற்கிறது, அதில் இரண்டு பக்கமும் ஒரே முறை.

கோப்பில் வரப்போகும் நெடுவரிசைகள்: தோட்டக் குறியீடு, உயரம், சரிவு, நிழல் மரம், ஆழம், மண் எடுத்த தேதி, டைட்ரேஷன் (சொட்டுவிட்டு அளந்த) தேதி, மண் எடை, பிளாங்க், ரீடிங், நார்மாலிட்டி. கணக்குப் போடும் நிரலும் கூடவே. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் மண்ணின் விவரம் தமிழில் ஒரு பக்கம் போகும், வெளியிடுவதற்கு முன்பே. ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

பியூரெட் வாத்தியார்

நன்றாக இருக்கிறது அம்மா. மூன்று விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் காற்றில் கெட்டுப்போகும், அதன் வலிமை நாளுக்கு நாள் இறங்கும். அதனால் பிளாங்க் ரீடிங் ஒவ்வொரு நாளுக்கும் தனி வரியாக வரட்டும், ஒரே சராசரி பிளாங்க் வேண்டாம்.

1.3 என்பதும் எல்லா மண்ணுக்கும் பொதுவான எண் இல்லை. உங்கள் மாதிரிகளில் சிலவற்றை உலர் எரிப்புக் கருவி (மண்ணை அதிக சூட்டில் எரித்து வெளிவரும் கரிமத்தை அளப்பது) இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்பி மொத்தக் கரிமத்தை அளந்து வாங்குங்கள். சேர்வராயன் மண்ணுக்கான பெருக்கல் எண் எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிடலாம். அடுத்து இந்த மலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் அது உதவும்.

கடைசியாக, மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் வயலில் 1843-லிருந்து எடுத்த மாதிரிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள், புதுக் கருவி வரும்போதெல்லாம் பழைய மண்ணை எடுத்து அளக்கிறார்கள். நம் கோவையில் 1909-லிருந்து நடக்கும் நிரந்தர உர ஆய்வு வயல் இருக்கிறது. உங்கள் அளவுக்கு, 2 மி.மீ. சல்லடையில் சலித்து நிழலில் உலர்த்திய மண் மாதிரிக்கு 200 கிராம் போதும். திருகு மூடி டப்பா. லேபிள் பென்சிலில், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, அதே தோட்டக் குறியீட்டோடு. அலமாரி இருக்கும் அறை எண்ணைத் தரவுக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்த அறையைக் காலி செய்யச் சொன்னால் எங்கே மாற்றுவது என்று துறைத்தலைவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.